விலை குறைந்த ஸ்விட்சில் விலேன் அமைப்பது எப்படி: ஸ்விட்சின் நிர்வாகப் பக்கம் யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது?

வீட்டு நெட்வொர்க்கை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறீர்கள். கணினிகளும் போன்களும் ஒரு பக்கம், விருந்தினர் வைஃபை இன்னொரு பக்கம், கேமரா, டிவி, ஸ்மார்ட் பிளக் போன்றவை தனியாக. கடையில் எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அட்டைப்பெட்டியில் 802.1க்யூ விலேன் ஆதரவு உண்டு என்று போட்டிருக்கிறது. விலேன் என்பது ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்குகள் போலப் பிரிக்கும் வசதி, 802.1க்யூ அதற்கான தரநிலை. வாங்கி, பிரித்து, கேமராவிலிருந்து கணினிக்குப் பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகவில்லை என்று பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும்.

பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இந்த வகை ஸ்விட்ச்களில் பல, தம் வழியாகப் போகும் டிராஃபிக்கைச் சரியாகவே பிரிக்கின்றன. ஆனால் ஸ்விட்ச் தன்னை எந்த விலேனுக்குள்ளும் வைத்துக்கொள்வதில்லை. அதன் நிர்வாகப் பக்கம் எல்லா விலேனிலிருந்தும் வரும் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும். அடுக்ககத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நல்ல பூட்டு போட்டுவிட்டு, எல்லாப் பூட்டுகளின் மாற்றுச் சாவியும் தொங்கும் அறையைத் திறந்து வைத்தது போல.

டிபி-லிங்கின் ஈஸி ஸ்மார்ட் வரிசையில் வரும் டிஎல்-எஸ்ஜி105இ, டிஎல்-எஸ்ஜி108இ ஆகியவற்றை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். உலகம் முழுக்க வீடுகளில் பரவலாக இருப்பவை அவை. நெட்கியரின் பிளஸ் வரிசைக்கும், பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவு 2.5 கிகாபிட் ஸ்விட்ச்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஏன் இப்படி?

கடைகளில் கிடைக்கும் ஸ்விட்ச்களை மூன்று தட்டாகப் பிரிக்கலாம். எந்த அமைப்பும் இல்லாத சாதாரண ஸ்விட்ச் கீழ்த்தட்டு. அலுவலகங்களுக்கான முழு மேனேஜ்டு ஸ்விட்ச் மேல்தட்டு. நடுவில் ஈஸி ஸ்மார்ட், பிளஸ், வெப் ஸ்மார்ட் என்று பல பெயர்களில் விற்கப்படுபவை.

நடுத்தட்டில் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு சிப். ரியல்டெக்கின் ஆர்டிஎல்8370என் போன்றவற்றில் ஃபிரேம்களை (வயரில் போகும் தரவுத் துண்டுகள்) பிரித்து அனுப்பும் வன்பொருளோடு, 8051 வகையைச் சேர்ந்த ஒரு குட்டி நுண்செயலியும் உள்ளேயே இருக்கிறது. 8051 என்பது இன்டெல் 1980-ல் கொண்டுவந்த வடிவமைப்பு. நாம் பிரவுசரில் பார்க்கும் நிர்வாகப் பக்கத்தை அந்தக் குட்டி மூளைதான் காட்டுகிறது. விலேன் பிரிப்பு வன்பொருளில் நடப்பதால் முழு வேகத்தில் நன்றாகவே நடக்கும். ஆனால் நிர்வாகப் பக்கத்துக்கு எழுதப்பட்ட சின்ன மென்பொருள், வந்த ஃபிரேம் எந்த விலேனைச் சேர்ந்தது என்று பார்ப்பதே இல்லை. தன் ஐபி முகவரியைக் கேட்டால் பதில் சொல்லும், அவ்வளவுதான். எச்டிடிபிஎஸ் இல்லாமல் வெறும் எச்டிடிபி மட்டும் இருப்பதும் இந்தச் சிக்கனத்தால்தான். பாஸ்வேர்ட் வயரில் அப்படியே போகும்.

தெரிந்திருக்க வேண்டிய மூன்று சொற்கள்

802.1க்யூ முறையில் ஒவ்வொரு ஈதர்நெட் ஃபிரேமுக்குள்ளும் 4 பைட் டேக் ஒன்று செருகப்படும். அதில் 12 பிட் விலேன் எண்ணுக்கு. 1 முதல் 4094 வரை எந்த எண்ணையும் பயன்படுத்தலாம். (எஸ்ஜி108இ-யில் ஒரே நேரத்தில் 32 விலேன்கள்தான் முடியும். வீட்டுக்கு அதுவே தாராளம்.)

ஒரு போர்ட் ஒரு விலேனில் டேக்டு உறுப்பினர் என்றால், அந்த விலேனின் ஃபிரேம்கள் அந்தப் போர்ட்டிலிருந்து டேக்கோடு வெளியே போகும். அன்டேக்டு என்றால் டேக் கழற்றப்பட்டுப் போகும். இரண்டும் வெளியே போகும் திசைக்கான விதிகள். உள்ளே வரும் திசைக்கு இருப்பதுதான் பிவிஐடி: டேக் இல்லாமல் வரும் ஃபிரேமை எந்த விலேனில் சேர்ப்பது என்று அது சொல்கிறது.

மலிவு ஸ்விட்ச்களில் உறுப்பினர் பட்டியலும் பிவிஐடியும் தனித்தனிப் பக்கங்களில் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றொன்று தானாக மாறாது. “விலேன் போட்டேன், வேலை செய்யவில்லை” என்ற புலம்பல்களில் பெரும்பாலானவை, உறுப்பினர் பட்டியலை மாற்றிவிட்டுப் பிவிஐடியை 1 என்றே விட்டதால் வருபவை.

இன்னொன்று. இதே ஸ்விட்சில் எம்டியு விலேன், போர்ட் பேஸ்டு விலேன், 802.1க்யூ விலேன் என்று மூன்று பக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும் செல்லுபடியாகும். ரவுட்டரோடும் வைஃபை அக்சஸ் பாயிண்டோடும் பேச வேண்டுமென்றால் மூன்றாவதுதான் தேவை.

படி 1: காகிதத்தில் வரையுங்கள்

எடுத்துக்காட்டாக இப்படி வைத்துக்கொள்வோம். விலேன் 10 வீட்டுக் கணினிகளுக்கு, 20 விருந்தினருக்கு, 30 கேமரா வகையறாவுக்கு. இவற்றோடு 999 என்று ஒரு காலி விலேன். அதன் உபயோகம் பிறகு வரும்.

போர்ட் 1 ரவுட்டருக்குப் போகும் ட்ரங்க், அதாவது பல விலேன்களை ஒரே வயரில் கொண்டுபோகும் இணைப்பு. அதில் 10, 20, 30 மூன்றும் டேக்டு. போர்ட் 2-ல் வைஃபை அக்சஸ் பாயிண்ட்: 10 அன்டேக்டு, 20-ம் 30-ம் டேக்டு. 3, 4, 5 கணினிகளுக்கு, விலேன் 10 அன்டேக்டு. 6, 7 கேமராக்களுக்கு, விலேன் 30 அன்டேக்டு. போர்ட் 8-ஐ இப்போதைக்கு ஆலையில் வந்த நிலையிலேயே, விலேன் 1-ல், விட்டுவையுங்கள்.

உங்கள் ரவுட்டருக்கு விலேன் தெரியுமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். இணைய நிறுவனம் கொடுக்கும் ரவுட்டர்களில் பெரும்பாலும் வீட்டுப் பக்கம் விலேன் அமைக்க வழி இருக்காது. ஓபன்டபிள்யுஆர்டி, ஓபிஎன்சென்ஸ், மைக்ரோடிக் ரவுட்டர் மாதிரி ஒன்று வேண்டும்.

படி 2: நெட்வொர்க்கில் சேர்ப்பதற்கு முன்

ஸ்விட்சை வேறு எதோடும் இணைக்காமல், லேப்டாப்பை மட்டும் போர்ட் 8-ல் செருகுங்கள். எஸ்ஜி108இ-யின் ஆரம்ப முகவரி 192.168.0.1. பல ரவுட்டர்களுக்கும் அதுவே முகவரி என்பதால், நேராக நெட்வொர்க்கில் செருகினால் முகவரி மோதல் வரலாம். தனியாக வைத்து ஆரம்பிக்கச் சொல்வது அதனால்தான். லேப்டாப்புக்கு 192.168.0.50 என்று கையால் முகவரி கொடுத்துவிட்டுப் பிரவுசரில் திறந்தால் போதும்.

முதல் வேலை பாஸ்வேர்ட். இந்த ஸ்விட்சுக்கு மட்டுமான, வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டாக இருக்கட்டும். அது வயரில் திறந்தபடி போகப் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வன்பொருள் பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் பல பதிப்புகள் உண்டு, ஒன்றின் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) மற்றொன்றுக்குச் சேராது. உங்கள் பதிப்புக்கான கடைசி ஃபர்ம்வேரை ஏற்றிய பிறகே அமைப்பைத் தொடங்குங்கள்.

பிறகு டிஎச்சிபியை (முகவரியைத் தானாக வாங்கும் முறை) அணைத்துவிட்டு நிலையான முகவரி கொடுங்கள். இதைக் கட்டாயம் என்றே சொல்வேன். எந்த விலேனிலும் சேராத நிர்வாக மூளை டிஎச்சிபி கேட்டால், எந்த விலேனின் சர்வர் முதலில் பதில் சொல்கிறதோ அதன் முகவரியை வாங்கிக்கொள்ளும். இன்று விலேன் 10-ன் முகவரியில் இருந்த ஸ்விட்ச், ஒரு மின்வெட்டுக்குப் பிறகு கேமரா நெட்வொர்க்கின் முகவரியோடு எழுந்து நிற்கலாம்.

என்ன முகவரி கொடுப்பது? கணினிகள் இருக்கும் 192.168.10 வரிசையில் ஒன்றைக் கொடுப்பது வசதி. வேறெங்கும் பயன்படாத தனி வரிசை ஒன்றைக் கொடுத்து, கேட்வே (நெட்வொர்க்கை விட்டு வெளியே போகும் வழி) முகவரியை ரவுட்டர் அல்லாத ஒன்றாக வைப்பது சற்றுக் கூடுதல் பாதுகாப்பு. நிர்வாகம் செய்யும்போதெல்லாம் லேப்டாப்பின் முகவரியை மாற்ற வேண்டியிருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை திறக்கும் பக்கத்துக்கு அந்தச் சிரமம் பெரிதல்ல.

படி 3: விலேன்களை உருவாக்குவது, வரிசை முக்கியம்

802.1க்யூ பக்கத்தைச் செயல்படுத்தி, படி 1-ன்படி 10, 20, 30 ஆகியவற்றைச் சேருங்கள். 999-ஐயும் உருவாக்கி அதில் போர்ட் 1-ஐ மட்டும் அன்டேக்டு உறுப்பினராக வையுங்கள்.

அப்புறம் பிவிஐடி பக்கம். போர்ட் 2, 3, 4, 5-க்கு 10. போர்ட் 6, 7-க்கு 30. ட்ரங்க்கான போர்ட் 1-க்கு 999. ட்ரங்க்கில் டேக் இல்லாத ஃபிரேம் எதுவும் வரக் கூடாது. தவறி வந்தாலும், யாருமில்லாத 999-ல் விழுந்து அங்கேயே முடிந்துபோகும்.

பிவிஐடிகளை மாற்றிய பிறகுதான் விலேன் 1-லிருந்து 1 முதல் 7 வரையான போர்ட்களை நீக்க வேண்டும். லேப்டாப் போர்ட் 8-ல் இருப்பதால் நடுவில் இணைப்பு அறுபடாது.

கடைசியாக, மெனுவில் ‘சேவ் கான்ஃபிக்’ என்று தனியாக ஒன்று இருந்தால் அதையும் அழுத்துங்கள். ‘அப்ளை’ மட்டும் செய்தால் மின்சாரம் போனதும் எல்லாம் போய்விடும். அமைப்பைக் கோப்பாக இறக்கியும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலேன் 1 விடமாட்டேன் என்றால்

எஸ்ஜி108இ-யின் பழைய பதிப்புகளில் போர்ட்களை விலேன் 1-லிருந்து நீக்கவே முடியாது. எல்லாப் போர்ட்களும் எப்போதும் அதில் அன்டேக்டு உறுப்பினர்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களிடம் இது அடிக்கடி சிக்குகிறது.

எந்தப் போர்ட்டின் பிவிஐடியும் 1 ஆக இல்லாதவரை, சாதாரண டிராஃபிக் விலேன் 1-க்குள் நுழையாது. அதனால் அன்றாடம் பிரச்சினை தெரியாது. ஆனால் கேமரா போர்ட்டில் இருக்கும் ஒரு சாதனம், வேண்டுமென்றே 1 என்று டேக் போட்ட ஃபிரேமை அனுப்பினால் அது எல்லாப் போர்ட்களுக்கும் போய்ச் சேர வழி இருக்கிறது. பதில் திரும்பி வராது என்றாலும், ஒருவழியாக அனுப்பியே சில சேட்டைகளைச் செய்ய முடியும். புதிய ஃபர்ம்வேர் இல்லையென்றால், நம்பத் தகாத சாதனங்களை அந்த ஸ்விட்சில் செருகாதீர்கள். வேறு மருந்து இல்லை.

படி 4: சோதனை

பிங் போகிறதா என்று பார்ப்பதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள். நான்கு சோதனைகள் செய்யச் சொல்வேன். முதலாவது அந்தப் பிங்தான்: போர்ட் 6-ல் லேப்டாப்பைச் செருகி, விலேன் 10-ல் இருக்கும் கணினியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியக் கூடாது.

இரண்டாவதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். அதே போர்ட் 6-ல் இருந்தபடி, லேப்டாப்புக்கு ஸ்விட்சின் வரிசையிலேயே ஒரு முகவரியைக் கையால் கொடுங்கள். ஸ்விட்ச் 192.168.10.2 என்றால் லேப்டாப்புக்கு 192.168.10.50, மாஸ்க் 255.255.255.0. இப்போது பிரவுசரில் ஸ்விட்சின் முகவரியைத் திறந்து பாருங்கள். விலேன் 30-க்குள் இருந்துகொண்டே லாகின் பக்கம் வந்துவிட்டால், உங்கள் ஸ்விட்சின் நிர்வாக மூளை எல்லா விலேனிலும் காது வைத்திருக்கிறது.

ரவுட்டரின் ஃபயர்வால் இதைத் தடுக்காதா என்று கேட்கலாம். தடுக்காது. இந்த டிராஃபிக் ரவுட்டர் வரை போவதே இல்லை. “இந்த ஐபி முகவரி யாருடையது” என்று கேட்கும் ஏஆர்பி கேள்வி போர்ட் 6-ல் நுழைகிறது, ஸ்விட்ச் உள்ளேயே பதில் சொல்லிவிடுகிறது. “30-லிருந்து 10-க்குத் தடை” என்று ரவுட்டரில் எத்தனை விதி எழுதினாலும் இந்த உரையாடலை அது பார்க்காது. அந்த விதிகள் நேர்வழியில் வருபவர்களை நிறுத்தும். முகவரியை மாற்றிக்கொண்டு வருபவரை நிறுத்தாது.

மூன்றாவது, டேக் போட்டு ஏமாற்றுவது. லினக்ஸ் லேப்டாப்பில் நெட்வொர்க் மேனேஜரைத் திறந்து விலேன் வகை இணைப்பு ஒன்றை உருவாக்கி, எண் 10 என்று கொடுங்கள். போர்ட் 6-ல் செருகி டிஎச்சிபி முகவரி கேட்டுப் பாருங்கள். போர்ட் 6 விலேன் 10-ல் உறுப்பினர் அல்லாததால் கிடைக்கக் கூடாது. முகவரி கிடைக்காவிட்டாலும் உடனே நிம்மதியடைய வேண்டாம். உங்கள் கேள்வி விலேன் 10-க்குள் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் திரும்பாமல் இருந்திருக்கலாம். விலேன் 10-ல் உள்ள ஒரு கணினியில், வயரில் வரும் ஃபிரேம்களைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்துவைத்து, லேப்டாப்பின் மேக் முகவரியிலிருந்து (வன்பொருள் அடையாள எண்) பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் செய்தி) வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த ஸ்விட்ச் உள்ளே வரும் டேக்குகளைச் சரிபார்ப்பதில்லை. நல்ல ஸ்விட்ச்களில் இதற்கென்று தனி அமைப்பு இருக்கும். இவற்றில் அது கண்ணிலேயே படாது.

நான்காவது, சும்மா வேடிக்கை பார்ப்பது. போர்ட் 6-ல் வயர்ஷார்க்கைக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். வேறு விலேன்களின் ஏஆர்பி பிராட்காஸ்டோ, ஐபிவி6 ரவுட்டர் அறிவிப்போ கண்ணில் பட்டால் எங்கோ கசிகிறது. ஒரே சாதனம் இரண்டு நெட்வொர்க்கின் ஐபிவி6 முகவரிகளையும் வாங்கி வைத்திருப்பது இந்தக் கசிவின் நல்ல அடையாளம். ஐபிவி4-ல் தெரியாத கோளாறு பல நேரம் இங்கேதான் தலைகாட்டும்.

லாகின் பக்கம் தெரிந்தால் என்ன, பாஸ்வேர்ட் இருக்கிறதே?

நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பெட்டிகளின் பாஸ்வேர்ட் காவல் அவ்வளவு உறுதியானதல்ல. எஸ்ஜி108இ-யின் 1.0.0 பதிப்பில் கண்டறியப்பட்ட குறை ஒன்று, பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2017-17746 என்று பதிவாகியிருக்கிறது. நிர்வாகி லாகின் செய்ததும் ஸ்விட்ச் நினைவில் வைத்துக்கொண்டது அவருடைய ஐபி முகவரியை மட்டும்தான். பல சாதனங்களை ஒரே ஐபி முகவரியில் காட்டும் என்ஏடி ரவுட்டர் ஒன்றுக்குப் பின்னால் அவர் இருந்தால், அதே ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் எவரும் பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே போகலாம். வேலை முடிந்ததும் லாக்அவுட் செய்வதை இங்கே வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிரவுசர் பக்கம் தவிர இன்னொரு வாசலும் உண்டு. கணினியில் நிறுவும் கட்டமைப்பு மென்பொருள், ஸ்விட்ச்களைக் கண்டுபிடிக்க யுடிபி பிராட்காஸ்ட் அனுப்புகிறது. டிபி-லிங்கில் 29808, 29809 போர்ட்கள் (இங்கே போர்ட் என்பது வயர் செருகும் துளையல்ல, மென்பொருள் பயன்படுத்தும் எண்). நெட்கியரின் என்எஸ்டிபி நெறிமுறையில் 63321 முதல் 63324 வரை. ஸ்விட்சின் ஐபி முகவரி தெரியாதவருக்கும் இந்த வழியில் அது தெரிந்துவிடும். படி 2-ல் தனி வரிசை முகவரியைச் ‘சற்றுக் கூடுதல் பாதுகாப்பு’ என்று மட்டும் சொன்னது இதனால்தான். மறைகுறியாக்கமும் பெயரளவுக்குத்தான். டிபி-லிங்கினுடையது ஃபர்ம்வேருக்குள் பதித்த நிலையான சாவியோடு ஆர்சி4 என்ற பழைய மறைகுறியாக்க முறை. நெட்கியரின் பழைய முறையில் பாஸ்வேர்டை ஒரு நிலையான சொற்றொடரோடு எக்ஸ்ஓஆர் செய்து (பிட் பிட்டாகக் கலந்து) அனுப்பினார்கள். இரண்டும் வெளியே தெரிந்துபோய்ப் பல காலம் ஆகிறது. நெட்கியரின் ஜேஜிஎஸ்516பிஇ ஸ்விட்சில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைந்து கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை ஒன்றையும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான என்சிசி குழுமம் 2021-ல் விவரித்தது. அதன் எண் சிவிஇ-2020-26919.

உங்கள் ஸ்விட்சில் இந்தக் கண்டுபிடிப்பு வசதியை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

படி 5: இருப்பதை வைத்துச் சமாளிப்பது

பயந்துபோய் ஸ்விட்சைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. யார் அதில் செருகுகிறார்கள் என்பதுதான் கேள்வி. உங்கள் மேசைக்கடியில் உங்கள் கணினியும் டிவியும் பிரிண்டரும் மட்டும் இருக்கும் ஸ்விட்சுக்கு இந்தக் குறை ஒரு பொருட்டே அல்ல. மாடியில் குடியிருப்பவருக்கு அதே ஸ்விட்சிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்திருந்தால் கதை வேறு. வெளிச்சுவரில் மாட்டிய கேமராவின் வயரும் அப்படித்தான். கேமராவைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைச் செருக ஒரு நிமிடம் போதும்.

அதனால் முதல் தீர்வு இடமாற்றம். நம்பத் தகாத வயர்களை ரவுட்டரின் தனிப் போர்ட்டுக்கோ, விலேனே தெரியாத ஒரு சாதாரண ஸ்விட்சுக்கோ கொண்டுபோய், அந்தப் பிரிவு முழுவதையும் ரவுட்டரில் பிரியுங்கள். நிர்வாகப் பக்கமே இல்லாத பெட்டியில் நுழைய எதுவும் இல்லை. ஒரு எச்சரிக்கை: சாதாரண ஸ்விட்சை ட்ரங்க் வயரில் செருகக் கூடாது. பெரும்பாலானவை டேக்குகளைத் தொடாமல் எல்லாப் போர்ட்டுக்கும் கடத்திவிடும்.

விருந்தினர் வைஃபை கொஞ்சம் தேவலை. அந்த ஃபிரேம்களும் விலேன் 20 என்ற டேக்கோடு இதே ஸ்விட்ச் வழியாகத்தான் போகின்றன. ஆனால் பல அக்சஸ் பாயிண்ட்களில் விருந்தினரை உள்ளக முகவரிகளிலிருந்து தடுக்கும் விதி உண்டு. அதைப் போட்டுவிட்டு, விருந்தினர் வைஃபையிலிருந்தும் இரண்டாம் சோதனையைச் செய்யுங்கள்.

போர்ட் 8-ஐ என்ன செய்வது? அமைப்பு நிலைபெற்றதும் அதை விலேன் 10-க்கு மாற்றலாம், அல்லது போர்ட் அமைப்புப் பக்கத்தில் அணைத்துவிடலாம். ஸ்விட்ச் இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். ரீசெட் பட்டனை யாராவது அழுத்திப் பிடித்தால் விலேன் அனைத்தும் மறைந்து எட்டுப் போர்ட்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். ட்ரங்க்கில் எல்லாம் டேக்டாக இருந்தால் அப்போது இணையமும் நின்றுபோகும் என்பதால், உடனே தெரிந்துவிடும் என்ற ஆறுதல் உண்டு.

படி 6: மாற்றுவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது

வாங்குவதற்கு முன் கையேட்டை இறக்கி, ‘மேனேஜ்மென்ட் விலேன்’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அட்டைப்பெட்டியை நம்ப வேண்டாம், அதில் இந்த விவரம் வராது. மைக்ரோடிக்கின் ஸ்விட்ச்ஓஎஸ் ஓடும் ஆர்பி260ஜிஎஸ் போன்ற குட்டிப் பெட்டிகளில், நிர்வாகப் பக்கத்தை எந்த முகவரியிலிருந்து, எந்தப் போர்ட்டிலிருந்து, எந்த விலேனிலிருந்து திறக்கலாம் என்று மூன்றையும் தனித்தனியே கட்டுப்படுத்தலாம். ஐந்து போர்ட் போதும் என்றால் என் ஓட்டு அதற்குத்தான். டிபி-லிங்கிலேயே ஒரு படி மேலே போனால் டிஎல்-எஸ்ஜி2008 இருக்கிறது. அதில் மேனேஜ்மென்ட் விலேனும் எச்டிடிபிஎஸும் உண்டு.

கையால் நோண்டிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு இன்னொரு வழி. ஓபன்டபிள்யுஆர்டி 21.02 பதிப்பிலிருந்து ரியல்டெக் சிப் கொண்ட சில ஸ்விட்ச்களிலும் அது ஓடுகிறது. ஸைக்ஸலின் ஜிஎஸ்1900-8, நெட்கியரின் ஜிஎஸ்108டி மூன்றாம் பதிப்பு ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அலமாரியில் தூங்கும் பழைய ரவுட்டரில் ஓபன்டபிள்யுஆர்டி ஏறுமென்றால் அதையும் நான்கு போர்ட் விலேன் ஸ்விட்சாக ஆக்கிவிடலாம். நிர்வாக முகவரியை விலேன் 10-க்கு மட்டும் கொடுத்து, மற்ற விலேன்களுக்கு முகவரியே கொடுக்காமல் விட்டால் அங்கிருந்து அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாது. அதற்குப் பிறகும் இரண்டாம் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள்.